மருந்துக்கும் தராசு வேண்டும்!



பாலை வெட்டிச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து வந்து, நிறுவைக் கொட்டகையில் இறக்கி வைத்த தொழிலாளி முதலில் எதைப் பார்க்கிறான்? கிராணியின் முகத்தையா? மண்டோரின் தொப்பியையா? இல்லை, தராசு முள்ளை! முள் எங்கே நிற்கிறது, மெட்ரோலாக் என்ன காட்டுகிறது, கிராணி புத்தகத்தில் எதை எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கிறான். அப்படி எட்டிப் பார்ப்பதை எந்தக் கிராணியும் தன் நாணயத்துக்கு வந்த இழுக்காகக் கருதுவதில்லை. கருதுகிறவர் யாராவது இருந்தால் அவர் புத்தகத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்! கோலா சாவா வட்டாரத்தில் எடைப் புத்தகம் எழுதிக் கை காய்த்த நாமே இதைச் சொல்கிறோம். பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்ட இந்நாளிலும் குலையை எண்ணும்போது வெட்டியவன் பக்கத்தில் நிற்கிறான். நிற்பது அவன் உரிமை.

அதே தொழிலாளிக்கு நோய் வந்தால் என்ன நடக்கிறது? கிளினிக்கில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே ஐந்து நிமிடம். வெளியே வந்து மறுபடியும் நாற்காலி. சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் நான்கு பிளாஸ்டிக் உறைகளை அடுக்குகிறாள். இது சாப்பாட்டுக்குப் பிறகு, இது படுக்கும்போது, இது வலித்தால் மட்டும், மொத்தம் 85 வெள்ளி! உறைக்குள் இருப்பதன் பெயர் என்ன? 85 வெள்ளியில் டாக்டரின் கூலி எவ்வளவு, மாத்திரையின் விலை எவ்வளவு? இதே வேலையைச் செய்யும் மலிவான மாத்திரை வேறு உண்டா? கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, ஒரு நாள் உழைப்பும் அதற்கு மேலும் அந்தச் சன்னலில் போய்விட்டது. அரைக் கிலோ பாலுக்காகத் தராசோடு மல்லுக்கு நின்றவன் இங்கே கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டுகிறான்!

இந்த அநியாயத்தில் ஒரு சிறு சன்னலாவது திறக்கட்டும் என்றுதான் 2025ஆம் ஆண்டு மே முதல் நாள், நம்முடைய தொழிலாளர் தினத்தன்றே, ஓர் ஆணை நடப்புக்கு வந்தது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த அந்த ஆணைப்படி, தனியார் கிளினிக்குகளும் தனியார் ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் தாங்கள் விற்கும் மருந்தின் விலையை வாடிக்கையாளர் காணும்படி எழுதி வைக்க வேண்டும். சீட்டாக ஒட்டலாம், பட்டியலாக வைக்கலாம், திரையில் காட்டலாம். விலையைக் குறை என்று அந்த ஆணை சொல்லவில்லை. இவ்வளவுதான் வாங்கலாம் என்று வரம்பும் கட்டவில்லை. எழுதி வை என்று மட்டுமே சொன்னது. தொடக்க மாதங்களில் தண்டம்கூட இல்லை, அறிவுரை மட்டுமே என்றும் அமைச்சு சொல்லிற்று.

இதற்கே பிரளயம் வந்துவிட்டது! மே 6ஆம் நாள் சில நூறு டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடி ஊர்வலமாகப் போய் எதிர்ப்பு மனுக் கொடுத்தார்கள். கிளினிக் என்ன மளிகைக் கடையா, எங்களைக் கடைக்காரர்களைப் போல நடத்துவதா, வணிகச் சட்டத்தின் கீழ் எங்களைக் கொண்டு வருவதா என்று கேட்டார்கள்.

ஊர்வலம் போவது அவர்கள் உரிமை. ஊர்வலம் போய்ப் பழகியவர்கள் நாம், அதைக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் சொன்னவற்றில் ஒன்று நியாயமானதும்கூட. சாதாரண கிளினிக் டாக்டரின் ஆலோசனைக் கட்டணம் 10 வெள்ளியிலிருந்து 35 வெள்ளி வரை என்று 1992இல் வகுத்த அளவிலேயே நின்றுவிட்டது, வாடகையும் தாதிமார் சம்பளமும் மின்கட்டணமும் மட்டும் ஏறிக்கொண்டே போயின என்றார்கள். மெய்தான்! முப்பது ஆண்டுக்கு மேல் கூலி உயராமல் இருப்பதன் வேதனை நமக்குத் தெரியாததா? அப்படியானால் கூலியைக் கேளுங்கள் ஐயா! பகிரங்கமாகக் கேளுங்கள். வைத்தியம் பார்த்ததற்கு இவ்வளவு என்று எழுதுங்கள். கூலி கேட்கிறவனை இகழ்கிற புத்தி நம் சங்கத்துக்கு ஒருநாளும் கிடையாது. ஆனால் கூலி போதவில்லை என்பதற்காக மாத்திரை உறைக்குள் கூலியை ஒளித்து வைத்து, உறையைத் திறந்து காட்டு என்றால் கௌரவம் போயிற்று என்று கூவுவது எந்த ஊர் நியாயம்? சம்பளம் குறைவு என்பதற்காக ஒரு கிராணி எடையில் கை வைத்தால் அவரை யாராவது கௌரவமானவர் என்று சொல்வார்களா?

எல்லா டாக்டர்களும் அப்படிச் செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. காசில்லாதவனிடம் காசு வாங்காமல் ஊசி போட்டு அனுப்பியவர்களை நம் வட்டாரமே அறியும். நாம் பேசுவது ஏற்பாட்டைப் பற்றி. இந்த நாட்டில் தனியார் கிளினிக்கில் நோயைப் பார்க்கிறவரே மருந்தையும் விற்கிறார். 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. எழுதுகிற கையும் விற்கிற கையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் விலையும் மறைவாக இருந்தால் நல்லவர்கூடச் சறுக்குவார்.

கணக்கு வேண்டுமா? பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் அயல்நாட்டாரும் சேர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி இந்நாட்டு மருந்து விலைகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். மருந்து விற்கும் டாக்டர்கள், மூல நிறுவனத்தின் மருந்துகள் மீது 50 முதல் 76 விழுக்காடு வரை ஏற்றி விற்றார்களாம். அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் மலிவாகச் செய்கின்றனவே, ஜெனரிக் என்கிறார்களே, அதன் மீது எவ்வளவு தெரியுமா? 316 விழுக்காடு வரை! 10 வெள்ளிக்கு வாங்கிய மருந்து 41 வெள்ளி 60 காசுக்கு! மருந்துக் கடைக்காரர்களும் புண்ணியவான்கள் அல்லர். அவர்கள் மூல மருந்தின் மீது 25 முதல் 38, ஜெனரிக் மீது 100 முதல் 140 விழுக்காடு வரை ஏற்றினார்கள். மலிவு மருந்து ஏழைக்காக வந்தது. ஏழையின் கைக்கு வருவதற்குள் மலிவு நடுவழியில் இறங்கிப் போய்விட்டது. இருபது ஆண்டுப் பழைய கணக்கு இது என்பார்கள். பழையதுதான். புதிதாகக் கணக்கு எடுக்கத்தானே விலையை எழுதி வை என்கிறோம்!

பணத்தோடு போனால் பரவாயில்லை. உயிருக்கும் வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு நம் அண்டைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் இடமும் வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டிய பால்வெட்டு அக்கா ஒருவர். இரத்தக் கொதிப்புக்கு அரசாங்கக் கிளினிக்கில் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர். ஒரு நாள் தலைவலி பொறுக்காமல், கூலியை இழந்து அரசாங்கக் கிளினிக்கில் காத்திருக்க முடியாமல், வேலை முடிந்த பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார். இரண்டு உறைகள் கொடுத்தார்கள். ஒன்றில் "காலை 1" என்று எழுதியிருந்தது, வேறொன்றுமில்லை. தலைவலி மாத்திரை என்று எண்ணி, பழைய மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்கினார். நான்காம் நாள் விடியற்காலை, பத்து மரம் வெட்டுவதற்குள் கண் இருண்டு உளியோடு சாய்ந்தார். உளி தொடையைக் கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பது. உறையைக் காட்டினோம். அதில் பெயர் இல்லை! தனியார் கிளினிக்குக்குப் போன் செய்து, அரை மணி நேரம் காத்திருந்து, ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்கள்: அம்லோடிபின். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்ததும் அம்லோடிபின். ஒரே மருந்து, இரண்டு உறை, இரட்டை அளவு.

"எனக்கு வெள்ளை மாத்திரைன்னுதான் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "அங்கே கொடுத்ததும் வெள்ளை, இங்கே கொடுத்ததும் வெள்ளை. வேற வேற டாக்டர் கொடுத்தா வேற வேற மருந்துன்னுதானே நினைப்போம்?"

அவரிடமே இருந்த மருந்தை, வேறு மருந்து என்று எண்ணி, அவர் காசு கொடுத்து மறுபடியும் வாங்கினார். வாங்கியதற்குக் கூலியாகக் காயம். இதிலே குற்றவாளி யார்? எழுத்துத் தெரியாதது அக்காவின் குற்றமா? தமிழ்ப் பள்ளியில் படித்த நமக்கே அந்த உறையில் படிப்பதற்கு ஒன்றுமில்லையே!

தோழர்களே, மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று பிறந்த பெயர், மற்றொன்று கடைப் பெயர். பாரசிட்டமோல் என்பது பிறந்த பெயர், பனடோல் என்பது கடைப் பெயர். அம்லோடிபினுக்கு நோர்வாஸ்க் ஒரு கடைப் பெயர். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மினுக்குக் குளுக்கோபேஜ் ஒரு கடைப் பெயர். கடைப் பெயர் மாறினால் விலை மாறும், பெட்டியின் நிறம் மாறும், மாத்திரையின் உருவம் மாறும். உள்ளே இருந்து வேலை செய்வது ஒன்றேதான். பிறந்த பெயரைத் தெரிந்து வைத்திருப்பவனை ஏமாற்றுவது கடினம்.

இங்கே நம்மவர்களையும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளி கொடுத்து வாங்கி வந்த மருந்தை "ஒரு வெள்ளி மருந்துதானே, என்ன குணம் இருக்கும்?" என்று அலமாரியில் போட்டுவிட்டு, தனியாரிடம் எண்பது வெள்ளிக்கு வாங்கினால்தான் நோய் தீரும் என்று நம்புகிறவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு வெள்ளி என்பது மருந்தின் விலை அல்ல! பொது நோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி என்று அரசாங்கம் வாங்குவது வெறும் பேருக்கு. மீதி விலையை வரிப் பணம் கட்டுகிறது. அந்த வரியில் நம் பங்கும் இருக்கிறது. பட்டியலில் வராத மருந்தை இந்நாட்டில் விற்கவே கூடாது. 1984ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவான ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். எண் உள்ள மலிவு மருந்தை நம்பலாம். எண் இல்லாமல், மூட்டுவலிக்கு அதிசய மருந்து என்று சந்தையிலும் கைத்தொலைபேசியிலும் விற்கும் விலை உயர்ந்த பொடியைத்தான் நம்பக்கூடாது.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே இது மிகுதி என்பதைத் தோட்டத்தில் வாழ்கிற யாருக்கும் ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரையும் கொதிப்பும் ஒரு வாரத்தில் தீரும் காய்ச்சல் அல்ல, ஆயுள் முழுக்க மாத்திரை. மாதத்துக்கு முப்பது வெள்ளி வித்தியாசம் என்றால் பத்து ஆண்டில் 3,600 வெள்ளி! மருந்து எது என்று தெரிந்து தேர்ந்தெடுப்பது நமக்கு அரிசி பருப்பு வாங்குவதைப் போன்ற குடும்பக் கணக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சு ஒரு மருந்துப் பட்டியல் வைத்திருக்கிறது. நீலப் புத்தகம் என்பார்கள். எந்த மருந்து, எந்த நோய்க்கு, எவ்வளவு, யார் எழுதலாம் என்று அதில் இருக்கிறது. சிலவற்றை எந்த டாக்டரும் எழுதலாம், சிலவற்றை நிபுணர் மட்டுமே, இன்னும் சிலவற்றைக் குறிப்பிட்ட துறையின் நிபுணர் மட்டுமே. பட்டியலில் இல்லாததற்குத் தனி அனுமதி வேண்டும். டாக்டர் கேட்ட மருந்தைக் கொடுக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இதை அறிய வேண்டும். விலையுயர்ந்த ஒரு மருந்தைக் கண்டபடி எழுதினால், பத்துப் பேருக்கு வாங்கும் பணம் ஒருவரிடம் தீர்ந்துபோகும். இந்தக் கட்டுப்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பட்டியலில் இல்லை, வெளியே வாங்கிக்கொள் என்று சொல்லும்போது மட்டும் மருந்தின் பிறந்த பெயரை எழுதித் தர வேண்டும், மலிவான மாற்று உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு கடைக்கு அனுப்பினால் கடைக்காரன் எதை நீட்டுகிறானோ அதுதான் மருந்து.

விலை எழுதினால் வைத்தியம் கெட்டுவிடும் என்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கட்டும். திருச்சிக்கும் மதுரைக்கும் போய் வந்த உறவினர் பையில் கிடக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிகபட்சச் சில்லறை விலை என்று ஒவ்வொரு அட்டையிலும் அச்சடித்திருக்கிறது! மருந்தின் பிறந்த பெயரும் அதிலேயே இருக்கிறது. அந்நாட்டு டாக்டர்களின் கௌரவம் அதனால் குறைந்து போகவில்லை.

இன்னொன்றும் சொல்கிறோம். 1994ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தமிழ்நாட்டு அரசாங்கம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற பொது நிறுவனத்தை அமைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மருந்தைப் பிறந்த பெயரிலேயே மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, அட்டையில் அரசு முத்திரை போட்டு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்து அனுப்புகிறது அக்கழகம். அதே 1994இல் நம் அரசாங்கம் என்ன செய்தது? தன்னிடமிருந்த அரசாங்க மருந்துக் கிடங்கைத் தனியார்மயமாக்கிற்று. பின்னாளில் ஃபார்மாநியாகா என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் கைக்கு, மருந்தை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வழங்கும் உரிமை நீண்டகால ஒப்பந்தமாகப் போயிற்று. அங்கே பொதுச் சாவி, இங்கே தனிச் சாவி. எந்த வழியில் மருந்து மலிவாகும் என்பதைப் பேசாமல், ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் நீட்டிக்கொண்டே போவது மக்கள் காரியமா?

நம் அரசாங்கத்தால் முடியாது என்று எண்ண வேண்டாம். துணிந்தபோது முடிந்திருக்கிறது! 2001இல் தோஹா நகரில் உலக நாடுகள் கூடி, மக்கள் ஆரோக்கியத்துக்காக மருந்துக் காப்புரிமையை ஓர் அரசாங்கம் மீறிச் செல்லலாம் என்று ஒப்புக்கொண்டன. 2003இல் மலேசியா அந்த உரிமையைப் பயன்படுத்தி எய்ட்ஸ் நோய் மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து வரவழைத்தது. சிகிச்சைச் செலவு ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது. பிறகு 2017 செப்டம்பரில், சுகாதார அமைச்சராக டாக்டர் ச. சுப்பிரமணியம் இருந்தபோது, கல்லீரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்கும் அதே வழியை எடுத்தார்கள். அமெரிக்காவில் அந்த மருந்து வெளிவந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர்! இங்கே அது சில நூறு டாலர் அளவுக்கு இறங்கி, 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குக் கிடைத்தது. மருந்து மாறவில்லை, விலை மாறிற்று. அடக்கம் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று கேட்கத் துணிந்ததால் மாறிற்று.

கேட்காமல் விழுங்கிய காலம் ஒன்று இருந்தது. நம் பாட்டன்மார் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, மண்டோர் பார்க்கக் கொயினாவை விழுங்கினார்கள். உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு சாவகத்தில் டச்சுக்காரன் தோட்டத்திலிருந்து வந்தது. விலையை அவன் வைத்தான், வாங்கலாமா வேண்டாமா என்று துரை தீர்மானித்தான், கசப்பு மட்டும் கூலிக்காரனுக்கு. போர்க்காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களுக்கு அந்தக் கசப்பும் கிடைக்கவில்லை. அங்கே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்ட தோட்டத் தமிழர் பல்லாயிரம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்னும் வரிசையில் நின்று கேள்வி கேட்காமல் விழுங்கிக் கொண்டிருந்தால் என்ன சொல்வது?

கிளினிக்கைச் சொன்னோம். தனியார் ஆஸ்பத்திரியின் பில் இன்னும் பெரிய காடு! அங்கே டாக்டரின் கட்டணத்துக்கு அரசாங்க அட்டவணை உண்டு. 2006ஆம் ஆண்டின் விதிகளில் வந்து, 2013இல் திருத்தப்பட்டது. ஆனால் மருந்துக்கும் பஞ்சுக்கும் ஊசிக்கும் கையுறைக்கும் வரம்பு கட்டவில்லை. ஆகவே ஒரு பக்கம் கட்டிய தண்ணீர் மறுபக்கம் உடைத்துக்கொண்டு ஓடுகிறது. டெங்கிக் காய்ச்சலென்று தம் மகனைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று இரவு வைத்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பில்லைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார். மருந்தும் மருத்துவப் பொருள்களும் என்று ஒரே வரி, ஒரே பெரிய தொகை. விவரம் கேட்டு எழுதச் சொன்னோம். நான்கு பக்கப் பட்டியல் வந்தது. அதில் பையனுக்குக் கொடுக்கவே கொடுக்காத இரண்டு பொருள்கள் இருந்தன. சுட்டிக்காட்டியதும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்டிராவிட்டால்? 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார நிலையங்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே, நோயாளி கேட்டால் சிகிச்சைக்கு முன் உத்தேசச் செலவைச் சொல்ல வேண்டும், பில்லை விவரமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. இருந்து என்ன? கேட்டால்தானே!

கேட்காதவர்களில் முதலில் நிற்பவர்கள் நாம்தான், கிராணிமார்தான். இதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். மாதக் கடைசியில் பேனல் கிளினிக்கிலிருந்து தோட்ட ஆபீசுக்கு பில் கட்டு வருகிறது. தொழிலாளியின் பெயர், தேதி, மருந்து வகை, தொகை என்று ஒரு வரி. கூட்டல் சரியா என்று பார்க்கிறோம், கையெழுத்துக்கு அனுப்புகிறோம். என்ன மருந்து, என்ன விலை என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தோட்டம் கட்டுகிறது, நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பல இடங்களில் ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு. கிளினிக்கின் பில் வீங்க வீங்க, அந்த வரம்பு ஆகஸ்டு மாதமே தீர்ந்துபோகிறது. பிறகு டிசம்பர் வரை அவர் தம் கையிலிருந்து கட்டுகிறார். எடைப் புத்தகத்தில் அரைக் கிலோ தவறினால் இரவு தூக்கம் வராத நாம், இந்தப் புத்தகத்தை மட்டும் பார்க்காமலே தள்ளிவிடுகிறோம். வெட்கம்!

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களையும் மறக்கக்கூடாது. அவர்களுக்கு ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளிக் கட்டணம் கிடையாது. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அயல்நாட்டார் கட்டணம், மருந்துக்கும் தனி விலை. அதற்குப் பயந்து காய்ச்சலை லயத்திலேயே போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள். விலைப் பட்டியல் நம்மைவிட அவர்களுக்கே முதலில் வேண்டும். அவர்கள் நம் சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

கேட்கிறோம் என்று பத்திரிகையில் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடவாது. விலைப் பட்டியல் இருக்கிறது என்று சொல்லி, மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கும் கிளினிக்குகள் இருக்கும். ஒட்டியிருந்தாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். நெஞ்சு வலியோடு போகிறவன் அதை நின்று படிக்க முடியுமா? ஆகவே படிக்கிறவர்கள் முன்கூட்டியே படித்து வைக்க வேண்டும். எடைக்குச் செக்ரோல் இருப்பதைப்போல் மருந்துக்கும் ஒரு குறிப்பேட்டை ஒவ்வொரு கிளையிலும் கிராணிமார் திறக்க வேண்டும். கட்டம் போடுவது நமக்குப் பழகிய வேலைதான். மருந்தின் பிறந்த பெயர், கடைப் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை, என்ன விலை, எந்தக் கிளினிக், எந்தத் தேதி. நோயாளியின் பெயரும் நோயும் அதில் வேண்டாம், அது அவரவர் அந்தரங்கம். மூன்று மாதம் எழுதினால் எங்கே எந்த மருந்து என்ன விலை என்று கண்ணாடி போல் தெரிந்துவிடும். பேனல் கிளினிக்கைப் புதுப்பிக்கும்போது அந்தக் குறிப்பேட்டை நிர்வாகத்தின் மேசையில் போட்டுப் பேசலாம்.

சன்னலில் உறையை வாங்குகிற ஒவ்வொருவரும் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் பெயர் என்ன, உறையில் எழுதித் தாருங்கள். இதற்கு மலிவான ஜெனரிக் உண்டா? நான் வேறு கடையில் வாங்கிக்கொள்ள மருந்துச் சீட்டாக எழுதித் தருவீர்களா? மரியாதையாகவே கேளுங்கள். அந்தச் சன்னலில் இருக்கிற பெண்ணும் கூலிக்காரிதான். அவளோடு சண்டை வேண்டாம்.

வரும் கிளைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டிலுள்ள மருந்து உறைகளையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். காலியான உறையானாலும் எறிய வேண்டாம். வயதானவர்கள் வர முடியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். ஒரே மருந்து இரண்டு உறையில் இருந்தால் பிரித்து வைத்து, எதைச் சாப்பிடுவது என்று டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுச் சொல்வோம். நாமாக எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம். கிளைச் செயலாளர்கள் அதற்குள் தத்தம் பேனல் கிளினிக்குக்குப் போய் விலைப் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். காட்ட மறுத்தால் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் சிரம்பான் அலுவலகத்துக்கு எழுத வேண்டிய புகாரின் நகலை நாம் தயாரித்து வைத்திருக்கிறோம்.